இரண்டு தனக்கோடி

பத்தாங் பெர்ஜுந்தை என்ற பெயரை எடுத்துவிட்டு
பெஸ்தாரி ஜெயா என்று பலகை நட்ட பிறகும்
யாரோ எனக்குக் கடிதம் போட்டிருக்கிறார்கள்,
பழைய ஊருக்கு.
நாலாங்கட்டை டிவிஷன், லயம் பதினேழு.
லயம் இருந்த இடத்தில் செம்பனை.
செம்பனைக்கு நடுவே கிணற்றின் வாய் மட்டும்.
தபால்காரப் பையன் யாரிடம் கொடுப்பான்?

எனக்கு எதுவும் தெரியாது.
மீ கோரெங் கடை அமிர்தவல்லிதான் சொன்னாள்:
சனிக்கிழமை மண்டபத்தில் கவுண்டர் போடுகிறார்கள்,
கேட்பாரில்லாத பணமாம், ஐசி எடுத்துக்கொண்டு வா.
அவளுக்கு நாற்பத்தாறு வெள்ளி கிடைத்திருந்தது,
எப்போதோ மறந்த வங்கிப் புத்தகத்திலிருந்து.
வந்த அன்றே அதைக் கோழியாக்கிச் சாப்பிட்டுவிட்டாள்.

வரிசையில் எல்லோர் கையிலும்
நகல் எடுத்த அவரவர் முகம்.
ஊதா துடோங் கட்டிய பெண்
என் எண்ணைத் தட்டினாள். இல்லை.
பெயரைத் தட்டினாள்.
டீயோடு எச் சேர்த்து ஒருமுறை,
எச் இல்லாமல் ஒருமுறை,
கடைசியில் ஐ, கடைசியில் ஒய்.
பிறப்புப் பத்திரத்தில் ஒரு கிராணிக்குக் கேட்டபடி,
சம்பளச் சிட்டையில் வேறொரு கிராணிக்குக் கேட்டபடி.
அறுபத்தொரு வயதில்
என் பெயரை நானாக எங்கும் எழுதிக் கொடுத்ததில்லை என்பது
அங்கே நிற்கும்போதுதான் உறைத்தது.

“அடா, மக்சிக்.”
திரையை என் பக்கம் திருப்பினாள்.

தோட்டம் கைமாறியபோது நின்றுபோன சம்பளம்,
நூற்று எண்பத்து மூன்று வெள்ளி இருபது காசு.
அதற்குக் கீழே இன்னொன்று.
நாலாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு, காப்புறுதி.
அதே தோட்டம். தனக்கோடி, குப்பன் மகள்.
ஐசி எண் இருக்கவேண்டிய கட்டம் காலி.

“ரெண்டும் உங்களுடையதா?”

எங்கள் டிவிஷனில் ரெண்டு குப்பன், ரெண்டு தனக்கோடி.
பிரட்டில் பெயர் கூப்பிட்டால் ரெண்டு குரல் வரும்.
கங்காணி என்னை நெட்டைக்கோடி ஆக்கினார்,
அவளைக் குட்டைக்கோடி.
ரெண்டு கோடிக்கும் மளிகைக் கடையில் கடன்.

ஒரு மாதம் அவள் வெட்டிய பாலை
என் கணக்கில் எழுதிவிட்டார்கள்.
பதினோரு வெள்ளி.
நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.
என் மகன் புது வெள்ளைச் சப்பாத்து போட்டுக்கொண்டு
அவள் வாசலைக் கடந்து பள்ளிக்குப் போனான்.
அவள் சப்பாத்தைத்தான் பார்த்தாள்.

பிறகு அவள் புருஷன் டிராக்டருக்கு அடியில் போனான்.
வரும் வரும் என்ற பணத்துக்காக
ஆபீசுக்கும் லயத்துக்கும் நடந்து நடந்து
ஒருநாள் கேரித்தீவுப் பக்கம் போய்விட்டாள் என்றார்கள்.
பணம் அவள் போன பிறகு வந்திருக்கிறது.

“மக்சிக், பின்னால் ஆள் நிற்கிறது.”

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.
கூரையில் ரெண்டு தகரம் மாற்றவேண்டும்.
மருமகள் தையல் மெஷின் கேட்டிருக்கிறாள்.
காலிக் கட்டம், அதில் என் எண் பொருந்தும்.
“ஒன்றுதான்” என்றேன்.
கேட்கவில்லையோ என்று விரலையும் காட்டினேன்.
காட்டிய விரலை மடக்கும்போதே
தகரத்தின் விலை மனசில் ஓடியது.
நல்ல காரியம் செய்த மாதிரி எதுவும் இல்லை,
பசிதான் எடுத்தது.

மற்றவளைத் தெரியுமா என்று கேட்டாள்.
என் ரசீதின் பின்பக்கம் ஒரு எண் எழுதித் தந்தாள்.
அவளோ, செத்திருந்தால் பிள்ளைகளோ
பத்திரங்களோடு வரலாமாம்.

இப்போது கேரித்தீவிலிருந்து யார் வந்தாலும் கேட்கிறேன்.
குட்டை. இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு.
என் பெயர்தான் அவளுக்கும்.
கேட்பவர்கள் என்னை ஒருமாதிரி பார்க்கிறார்கள்.

மூன்று வாரத்தில் என் பணம் வங்கியில் விழுந்தது.
பதினோரு வெள்ளியைத் தனியே எடுத்து
அந்த ரசீதில் மடித்து அரிசி டின்னில் வைத்தேன்.

அன்று எழுந்திருக்கும் முன்
அந்தப் பெண்ணிடம் ஒன்று கேட்டேன்:
இத்தனை வருஷத்துக்கு வட்டி உண்டா?

இல்லையாம்.